உங்களுக்குத் தெரியுமா? பாலாற்றங்கரை வாலாஜாபாத்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றதும் கார் கம்பெனியும் ஷிப்ட் பஸ்ஸும்தான் நினைவுக்கு வரும். ஒரகடம் கூட்ரோட்டில் திரும்பாமல், வண்டலூர் சாலையைப் பிடித்து மேற்கே போய்க்கொண்டே இருங்கள். கம்பெனி மதில்கள் முடிந்து, ஜல்லி லாரிகளின் புழுதி தொடங்கி, சாலையே முடிகிற இடத்தில் ஓர் ஊர் வரும். அதுதான் வாலாஜாபாத். காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில், பாலாற்றின் வடகரையில், வட தமிழ்நாட்டின் ஒரு சின்னப் பேரூராட்சி. பெரும்பாலோர் டீ குடிக்க இறங்கி, அடுத்த பஸ்ஸில் ஏறிப்போய்விடுகிற ஊர். நவாபு, கும்பினிப் பட்டாளம், கார் கம்பெனி என எல்லோருமே இதை அப்படித்தான் நடத்தியிருக்கிறார்கள். ஆனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஊர்.

● தமிழ்நாட்டில் 'வாலாஜா' ஒன்றல்ல. ராணிப்பேட்டை பக்கம் இருப்பது வாலாஜாபேட்டை. நாம் பேசுவது வாலாஜாபாத். சென்னை சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மைதானத்தை ஒட்டி ஓடுவது வாலாஜா சாலை. மூன்றுக்கும் பெயர் கொடுத்தவர் ஒருவரே: ஆற்காடு நவாபு முகம்மது அலி கான் வாலாஜா. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பிப் போய்ச் சேர்ந்தது வாலாஜா ரோடு நிலையத்துக்கு. அது வாலாஜாபேட்டைக்காரர்களின் பெருமை. வாலாஜாபாத்துக்காரர்கள் யாராவது உங்களிடம் அதைச் சொந்தம் கொண்டாடினால் மரியாதையாகச் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

● பெயர் கொடுத்த நவாபு வாழ்ந்ததென்னவோ சென்னையில்தான். சேப்பாக்கம் அரண்மனை அவர் கட்டியது. கிழக்கிந்தியக் கும்பினியின் துப்பாக்கி பலத்தில் பதவியில் நின்றவர், அந்தத் துப்பாக்கிகளுக்குக் கூலி கொடுக்கக் கும்பினி ஊழியர்களிடமே வட்டிக்குக் கடன் வாங்கினார். அந்தக் கடன் கதை லண்டன் நாடாளுமன்றம் வரை நாறியது. 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் அதைப் பற்றியே நீண்டதொரு உரை நிகழ்த்தினார். இன்றும் ஆங்கிலச் சொற்பொழிவுக்கு உதாரணமாக அதைக் காட்டுகிறார்கள். வட்டிக்கு விட்டவர்களில் சிலர் அந்தப் பணத்திலேயே நாடாளுமன்ற இடம் பிடித்திருந்தார்கள் என்பது பர்க்கின் குற்றச்சாட்டு.

● இப்போதைய காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டப் பகுதிகளுக்கு ஒரு காலத்தில் 'ஜாகீர்' என்றுதான் பெயர். 1763இல் நவாபு இந்த நிலப்பரப்பைக் கும்பினிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். சென்னை நகரத்துக்கு வெளியே ஆங்கிலேயர் கைக்கு இந்த வட்டாரத்தில் கிடைத்த முதல் பெரிய நிலம் இதுதான்.

● நிலம் கிடைத்ததும் கும்பினி செய்த வேலை என்ன தெரியுமா? கணக்கெடுப்பு. தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து எழுதினார். எத்தனை வீடு, எந்தத் தொழில், ஏரி எவ்வளவு, நன்செய் எவ்வளவு, விளைச்சலில் கோயிலுக்கு எவ்வளவு, வெட்டியானுக்கு எவ்வளவு, கணக்கப்பிள்ளைக்கு எவ்வளவு என்று எல்லாம் அதில் உண்டு. அவருக்கு விவரம் கொடுத்தது ஊர்க் கணக்கர்களின் பனையோலைகள். அந்த ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. காந்தியரும் வரலாற்றாய்வாளருமான தரம்பால் இந்த ஆவணங்களைத் தேடிப்பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். உங்கள் பூர்வீகம் இந்தப் பக்கத்துக் கிராமம் என்றால், 250 ஆண்டுகளுக்கு முன் உங்கள் ஊர் ஏரியின் கணக்கு எங்கோ ஓலையில் இருக்க வாய்ப்பு உண்டு.

● வாலாஜாபாத் ஒரு பட்டாள ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கும்பினியின் முக்கியமான கன்டோன்மென்ட்டுகளில் ஒன்று இங்கே இருந்தது. ஆற்றங்கரை, கிட்டத்தில் காஞ்சிபுரம், நான்கு திசைக்கும் பாதை என்று பட்டாளம் இறங்கத் தோதான இடம். திப்பு சுல்தானுக்கு எதிரான கடைசிப் போருக்கு 1798–99இல் படை திரண்டபோது வேலூர், ஆற்காட்டோடு வாலாஜாபாத்தும் அந்த ஏற்பாட்டில் இருந்தது. பிறகு பட்டாளம் போய்விட்டது. கடை வீதி தங்கிவிட்டது.

● ஆனால் ஊரின் பெயர் மட்டும் பட்டாளத்தோடு ஊர்சுற்றியது. 1794இல் எழுப்பப்பட்ட ஒரு மதராஸ் படைப்பிரிவுக்குப் பிற்பாடு 'வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி' என்று பெயர் வந்தது. 1903 சீர்திருத்தத்தில் அது '83ஆவது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி' ஆனது. 1922 வரை அந்தப் பெயர் இந்தியப் படைப் பட்டியலில் இருந்தது. ஊரில் கன்டோன்மென்ட் இல்லாத காலத்திலும் ஊர்ப் பெயரைத் தோளில் சுமந்த சிப்பாய்கள் இருந்தார்கள்.

● 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சி எல்லோருக்கும் தெரியும். புதுத் தலைப்பாகை, நெற்றியில் சின்னம் கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகள்தான் பொறி. அதே தலைப்பாகைக்கு எதிரான முணுமுணுப்பு வாலாஜாபாத்துச் சிப்பாய்களிடமும் கிளம்பியதை மதராஸ் அரசாங்கம் பதிவு செய்திருக்கிறது. வேலூர் பற்றிக்கொண்டது, வாலாஜாபாத் புகைந்து அடங்கியது. பாடப்புத்தகத்தில் இடம்பிடிக்கப் புகை மட்டும் போதாது போலிருக்கிறது.

● காஞ்சிபுரத்துக்கு வடக்கே, இதே வட்டாரத்தில், புள்ளலூர் என்றொரு கிராமம். 1780 செப்டம்பர் 10ஆம் தேதி கர்னல் வில்லியம் பெய்லியின் படையைத் திப்பு சுல்தான் இங்கே அழித்தார். மைசூர்ப் படையின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகள் அன்று பெரிய வேலை செய்தன. இந்தியாவில் அதுவரை கும்பினி சந்தித்த மோசமான தோல்வி அது. பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்தார். அவரோடு பிடிபட்ட டேவிட் பேர்ட் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்து விடுதலையாகி, 1799இல் அதே ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை மீது நடந்த இறுதித் தாக்குதலுக்குத் தலைமை தாங்கினார். புள்ளலூர்ப் போரின் பிரம்மாண்டமான சுவரோவியத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைக்குத்தான் போக வேண்டும். புள்ளலூரில் மிச்சமிருப்பவை இரண்டு நினைவுத் தூண்கள். அவையும் 1780இல் செத்தவர்களுக்கு அல்ல; அடுத்த ஆண்டு அங்கேயே நடந்த இரண்டாம் போரில் இறந்த இரு ஆங்கில அதிகாரிகளுக்கு.

● புள்ளலூருக்கு இது முதல் போரும் அல்ல. பல்லவரும் சாளுக்கியரும் ஏழாம் நூற்றாண்டிலேயே அங்கே மோதிப் பார்த்துவிட்டார்கள். ஒரகடத்துக்குக் கிழக்கே உள்ள மணிமங்கலத்தில் நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்ததைக் கூரம் செப்பேடு சொல்கிறது. வாதாபி வரை துரத்திப்போன கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

● பாலாற்றில் தண்ணீர் எங்கே என்று கேட்காத ஆளில்லை. ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் வெறும் மணல். ஆனால் இந்த ஆறு ஓடுவது மணலுக்கு அடியில். அதைப் பிடிக்க இங்கத்திய விவசாயிகள் கண்டுபிடித்த வித்தைக்கு ஊற்றுக்கால் என்று பெயர். ஆற்று மணலில் நீளவாக்கில் ஒரு வாய்க்கால் வெட்டுவார்கள். ஆறு எவ்வளவு சரிகிறதோ அதைவிடக் குறைவான சரிவில் வாய்க்காலின் தரை இருக்கும். மேல்முனையில் அது மணலுக்குள் ஆழத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே தொடங்கும். போகப்போக ஆற்றின் தரை தாழ்ந்துகொண்டே போக, வாய்க்கால் மெல்ல மெல்ல மேலே தெரிந்து, கடைசியில் கரையேறி வயலுக்குள் போய்விடும். மணலில் கசிகிற நீர் அதில் சேர்ந்து தானாக ஓடும். மாடு வேண்டாம், ஏற்றம் வேண்டாம், மோட்டார் வேண்டாம், கரண்ட் பில் இல்லை. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் மணல் மூடிவிடும். ஊர் கூடித் தூர்வார வேண்டும். அதுதான் இதன் செலவு, அதுதான் இதன் பலமும்.

அப்படியானால் இப்போது ஏன் இல்லை? ஊற்றுக்கால் மணலின் நீர்மட்டத்தை நம்பி நிற்பது. லாரி லாரியாக மணலை வாரி ஆற்றின் தரையே பல அடி இறங்கியதும், கரை நெடுக ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்ச ஆரம்பித்ததும், வாய்க்காலின் வாய் அந்தரத்தில் நின்றுவிட்டது. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் எந்த இடத்தில் எந்த ஊருக்கான ஊற்றுக்கால் தொடங்கியது என்று கைகாட்டுவார்கள். இந்த ஊரைப் பற்றிச் சேகரித்த தகவல்களில் என்னைக் கேட்டால் இதுதான் முதலிடம். நவாபின் கடனைவிட இந்தச் சரிவுக் கணக்கு எவ்வளவோ நேர்த்தியானது.

● பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தை ஒரு மூலையில் தொட்டு, தமிழ்நாட்டில் 222 கி.மீ. ஓடி, கல்பாக்கம் அருகே வயலூரில் கடலில் கலக்கிறது. மொத்த நீளம் 348 கி.மீ. மைசூரும் மதராசும் 1892இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் காவிரியோடு பாலாறும் உண்டு. காவிரிக்காகப் பஸ் நிற்கும்; பாலாற்றுக்காக யார் பஸ்ஸை நிறுத்தினார்கள்?

● வறண்ட ஆறு என்று அசந்துவிடவும் முடியாது. 2021 நவம்பரில் மேலே வாலாஜாபேட்டை அருகிலுள்ள பாலாற்று அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் நீர் பாய்ந்தது. வாலாஜாபாத்தையும் தென்கரையில் உள்ள அவளூரையும் இணைக்கும் தரைப்பாலம் அந்த வெள்ளத்தில் உடைந்து, எதிர்க்கரை ஊர்கள் துண்டிக்கப்பட்டன. கூப்பிடு தூரத்து ஊருக்குச் சுற்றுவழியில் போக வேண்டியதாயிற்று.

● "மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்" என்ற கோட்பாட்டை இந்தியாவில் சுற்றுச்சூழல் வழக்கு நடத்துகிற எந்த வக்கீலும் சொல்வார். அதையும், முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் அறிவித்த தீர்ப்பு பாலாற்றைப் பற்றியது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீருக்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு. தீர்ப்பு நாள் 1996 ஆகஸ்ட் 28. சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோருக்கும் இந்த ஆறு மனப்பாடம்.

● வாலாஜாபாத்திலிருந்து செங்கல்பட்டு ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் பழைய சீவரம். அங்கே ஆற்றின் எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். அங்குள்ள அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் 950 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மருத்துவமனையின் வரவு செலவுக் கணக்கு இருக்கிறது.

வெட்டியவர்கள் சோழ மன்னன் வீரராசேந்திரனின் ஆட்கள். ஏறத்தாழ 1068ஆம் ஆண்டு. கல்வெட்டு வழக்கம்போல மன்னனின் போர்ப் பெருமையோடு தொடங்குகிறது. கூடல் சங்கமத்தில் சாளுக்கியரை ஓடவிட்டது, கப்பம் வாங்கியது எல்லாம் முடிந்த பிறகுதான் விஷயத்துக்கு வருகிறது. கோயிலோடு சேர்ந்து ஒரு வேத பாடசாலை, மாணவர் விடுதி, ஒரு 'ஆதுலர் சாலை'. சாலைக்குப் பெயர் வீரசோழன். படுக்கைகள் 15. பொது மருத்துவர் ஒருவர். ஆலப்பாக்கத்தைச் சேர்ந்த கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று பெயரோடு இருக்கிறார். ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் அவருக்கு. சல்லியக் கிரியை, அதாவது அறுவைச் சிகிச்சை செய்பவருக்கு 30 கலம் நெல். இன்றைய சம்பள வித்தியாசம் அப்படியே தலைகீழ்! மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்ச இருவர். நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர். நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள். ஒவ்வொரு நோயாளிக்கும் தினம் ஒரு நாழி அரிசி. இரவு முழுக்க எரிய ஒரு விளக்கு, அதற்கு எண்ணெய்.

இதோடு விட்டிருந்தால்கூட ஆச்சரியம்தான். மருந்துக் கிடங்கில் ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய ஏறத்தாழ 20 மருந்துகளின் பட்டியலும் இருக்கிறது. கோமூத்திர அரீதகி, தசமூல அரீதகி, வில்வாதி கிருதம், கல்யாண லவணம், வஜ்ரகல்பம் என்று போகிறது. 'புராண கிருதம்' என்றொன்று உண்டு. நாள்பட்ட பழைய நெய்தான் அது. சித்த, ஆயுர்வேத மருந்துக்கடைக்குப் போகிறவர்கள் இதில் பல பெயர்களை இன்றும் பாட்டிலில் பார்க்கலாம்.

விடுதி மாணவர்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். ஆண்டுக்கு இத்தனை சனிக்கிழமை, அதற்கு இவ்வளவு எண்ணெய் என்று தனி ஒதுக்கீடு. சோழப் பேரரசின் கஜானா, பிள்ளைகளின் தலைக்கு எண்ணெய் வைக்க மறக்கவில்லை.

● பொங்கல் சமயத்தில் இதே இடத்துக்குப் பெருமாள்களே வருவார்கள். மாட்டுப் பொங்கலையொட்டி நடக்கும் பார்வேட்டை உற்சவத்தில் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் பல்லக்கில் பழைய சீவரம் வந்து, குன்றேறி லட்சுமி நரசிம்மரைப் பார்த்துவிட்டு, ஆற்று மணலைக் கடந்து திருமுக்கூடலுக்குப் போவார். நரசிம்மரும் கூடவே இறங்கி வருவார். காவாந்தண்டலம், சாலவாக்கம் பெருமாள்களும் வந்துசேர, திருமுக்கூடல் பெருமாளோடு ஐந்து பேர் ஒரே இடத்தில். கரும்பு, பொரி, ராட்டினம் என்று சுற்றுவட்டாரமே அங்கேதான். ஆற்றில் நீர் வந்துவிட்ட வருஷங்களில் மணலைக் கடப்பதுதான் சிக்கல். பாலாற்றில் தண்ணீர் வந்ததே என்று யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை.

● ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களும் கோபிக்கக்கூடாது என்பதற்காக: இராமானுசர் பிறந்தது 1017இல் ஸ்ரீபெரும்புதூரில். யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்கப் போனது காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழிக்கு. அவருடைய புகழ்பெற்ற மூன்று திருமேனிகளில் 'தானுகந்த திருமேனி' ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. மற்ற இரண்டும் மேல்கோட்டையிலும் திருவரங்கத்திலும்.

● இன்னும் பின்னால் போக வேண்டுமா? ஸ்ரீபெரும்புதூர் வட்டாரப் பாறைகளுக்கு நிலவியலில் தனிப் பெயரே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆராய்ந்த 'ஸ்ரீபெரும்புதூர்ப் படுகைகள்'. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய தாவரங்களின் இலை அச்சுகளும், கடல்வாழ் உயிர்களின் எச்சங்களும் அவற்றில் கிடைத்தன. அதாவது கம்பெனி வருவதற்கு முன் வயல். வயலுக்கு முன் காடு. காட்டுக்குப் பக்கத்திலேயே கடல். 1863இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தவரும் இதே ஃபூட்தான்.

● 2022இல் ஒரகடம் அருகே வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது ஒரே இடத்தில் கற்கருவிகள், ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள், பல்லவர் காலக் கட்டட எச்சம் எல்லாம் வரிசையாக வந்தன. பன்னாட்டு முதலீடு ஒரகடத்துக்குப் புதிதல்ல என்று அமைச்சர்கள் யாராவது மேடையில் சொல்லிக்கொள்ளலாம்.

● வாலாஜாபாத் பக்கத்துத் தென்னேரி, இந்தப் பகுதியின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று. சங்க காலக் காஞ்சியை ஆண்ட இளந்திரையன் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது. சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள ஊர். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று சும்மா சொல்லவில்லை.

● ஏரிகளுக்கு நீர் எங்கிருந்து? பாலாற்றிலிருந்து பிரிந்து ஏரிக்கு மேல் ஏரியாக நிரப்பிக்கொண்டே ஸ்ரீபெரும்புதூர் ஏரி வரை போவது கம்பன் கால்வாய். பல்லவ மன்னன் கம்பவர்மன் வெட்டியது என்பது வழக்கு. ஒரு ஏரி நிரம்பிய பிறகே கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு. அந்தக் கால்வாய் போகும் பாதையில்தான் இப்போது பரந்தூர் விமான நிலையத்துக்கு இடம் குறித்திருக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்ததிலிருந்து ஏகனாபுரம் மக்கள் எதிர்ப்பதற்கு வீடும் நிலமும் மட்டும் காரணமல்ல. ஏரியும் கால்வாயும்கூடக் காரணம். ரன்வேக்காகக் கால்வாயைத் திருப்பலாம் என்பவர்கள், திருப்பிய கால்வாய் எந்தெந்த ஏரிக்குப் போகாது என்பதையும் ஊர்ப் பெயரோடு சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

● கார் கம்பெனிக்குத் தண்ணீர்? அதில் ஒரு பகுதி சென்னைவாசிகளான நீங்கள் கொடுப்பது. நம்புங்கள். கோயம்பேட்டில் நகரக் கழிவுநீரை மூன்றாம் கட்டமாகச் சுத்திகரித்து, எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் வடிக்கும் ஆலை 2019இல் தொடங்கியது. தினம் நாலரைக் கோடி லிட்டர் வடிக்கும் திறன் உடையது. அந்த நீர் குழாய் வழியே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் சிப்காட் வளாகங்களுக்கு வருகிறது. அண்ணா நகரில் குளித்த தண்ணீர் ஒரகடத்தில் காருக்குப் பெயிண்ட் அடிக்கிற இடம் வரை வந்துவிடும்! ஏரித் தண்ணீரை ஏரிக்கே விட்டுவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நாலரைக் கோடி என்பதைப் பத்துக் கோடியாக்கினால் இன்னும் நல்லது.

● அரக்கோணத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே 1865இலேயே ரயில் ஓடியது. போட்டது 'இந்தியன் டிராம்வே கம்பெனி'. தண்டவாள அகலம் 3 அடி 6 அங்குலம். இந்தியாவில் வேறெங்கும் அவ்வளவாகப் பார்க்க முடியாத அளவு. பிறகு மீட்டர் கேஜாகி, வாலாஜாபாத் வழியே செங்கல்பட்டு வரை நீண்டு, இப்போது அகலப்பாதை. ஒரே பாதை மூன்று அகலங்களைப் பார்த்துவிட்டது.

● அந்தப் பாதையால்தான் பட்டாளம் போன பிறகு வாலாஜாபாத்துக்கு மறுபடி ஒரு பெரிய வேலை கிடைத்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. செய்த கார்களை வடக்கே அனுப்ப வேண்டுமே! டிரெய்லர் லாரிகளில் போனால் டெல்லி போய்ச்சேர நாள்கணக்கு ஆகும், சுங்கச்சாவடி, டீசல் செலவு வேறு. கிட்டத்தில் ரயில் எங்கே என்று பார்த்தால், வாலாஜாபாத். இன்று தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தில் கார் ஏற்றுவதில் பெயர்பெற்ற நிலையம் இதுதான். கூட்ஸ் ஷெட் பக்கம் போனால் நம்பர் பிளேட் இல்லாத புத்தம் புதுக் கார்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம்.

அவை ஏறுகிற பெட்டிகளில் ஒரு வேடிக்கை உண்டு. என்.எம்.ஜி. என்று எழுதியிருக்கும் பெட்டிகள் புதிதாகச் செய்தவை அல்ல. பயணிகள் ரயிலில் ஓடி வயதான பெட்டிகள். இருக்கை, பெர்த், மின்விசிறி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, இரண்டு முனைகளிலும் அகலக் கதவு வைத்துவிடுவார்கள். கடைசிப் பெட்டியில் ஒரு காரை ஏற்றினால் பெட்டி பெட்டியாக உள்ளேயே ஓட்டிக்கொண்டு முன்னால் வரை போகலாம். டிரைவர் வேலையில் பாதி, கண்ணாடி உரசாமல் அந்தச் சந்துக்குள் நேராக ஓட்டுவது. மீதிப் பாதி, நிறுத்திய பிறகு கதவை முழுசாகத் திறக்க இடமில்லாமல் இறங்குவது. கட்டிவைத்த பிறகு டயருக்குக் கட்டை கொடுப்பார்கள். இரண்டு தட்டு உள்ள நவீன கார் வேகன்களும் வந்துவிட்டன. அவற்றில் ஒரு தடவையில் ஏறும் எண்ணிக்கை அதிகம். ஒரு காலத்தில் நீங்களோ உங்கள் அப்பாவோ நியூஸ்பேப்பர் விரித்துப் படுத்துப்போன பெட்டியில் இன்று கார் சொகுசாகப் போகிறது. டிக்கெட் பரிசோதகர் தொல்லையும் இல்லை.

● இவ்வளவுக்குப் பிறகும் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பெருமையில் பங்கு எவ்வளவு என்று கேட்டால், பதில் சாலையில் தெரியும். கார் டிரெய்லரும் ஜல்லி லாரியும் கம்பெனி பஸ்ஸும் போகிற வழி ஊர் நடுவே. சுற்றியுள்ள கல்குவாரிகள், கிரஷர்களின் வெள்ளைப் புழுதி மரங்கள் மீது படிந்து கிடக்கும். ஸ்கூல் விடுகிற நேரத்தில் ரோட்டைக் கடக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். கார் ஏற்றுவதில் பெயர்பெற்ற ஊருக்கு நடந்துபோக ஒரு நல்ல நடைபாதை வேண்டும், இது கோரிக்கைதான்.

● கடைசியாக ஒரு பயணக் குறிப்பு. சென்னை கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம், திருமால்பூர் போகும் புறநகர் மின்சார ரயிலில் ஏறுங்கள். பாலூரைத் தாண்டியதும் பழைய சீவரம், அடுத்தது வாலாஜாபாத். சீவரத்தில் இறங்கினால் குன்றும் நரசிம்மரும் பக்கத்திலேயே; ஆற்றைக் கடந்தால் திருமுக்கூடல். கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உள்ளே போனதும் ஆதுலர் சாலைக் கல்வெட்டு எந்தச் சுவரில் என்று அர்ச்சகரிடமோ காவலாளியிடமோ கேளுங்கள். எழுத்தைத் தடவிப் பார்க்க ஆசை வரும். கை வைக்காமல் படியுங்கள். திரும்பி வர ரயில்கள் அடிக்கடி கிடையாது என்பதால், இறங்கும்போதே நேரம் விசாரித்துக்கொள்வது நல்லது.